காலடியில் ஒரு கருவி
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



1998-ஆம் ஆண்டு ஜப்பானியக் கொனாமி நிறுவனத்தார் ‘டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்’ என்னும் ஆட்டத்தை வெளியிட்டனர். திரையில் அம்புக்குறிகள் எழும். ஆடுவோர் தாளம் தவறாது காலடியிலுள்ள அம்புகளை மிதித்தல் வேண்டும். அந்த மிதிபலகையை நம் பிள்ளைகள் வீட்டிலேயே செய்தல் கூடும் என்பதே என் உரை.

மிதிபலகை என்பது யாது? நான்கு மின்பொத்தான்கள், அவ்வளவே! ஒட்டுப்பலகையின்மீது ஒரு தகரம். அதன்மேல் துளையிட்ட நுரை ரப்பர். அதற்கும் மேல் வளைந்துகொடுக்கும் மெல்லிய தகரம். மிதித்தால் இரு தகரங்களும் துளைவழியே தொடும், மின்சுற்று நிறைவுறும். காலை எடுத்தால் நுரை அவற்றைப் பிரிக்கும். கீழ்த் தகரங்கள் நான்கிற்கும் பொதுக்கம்பி ஒன்று. மேல் தகரங்களுக்குத் தனித்தனியே நான்கு. ஆக ஐந்தே கம்பிகள். இவற்றை ‘ஆர்டுயினோ லியோனார்டோ’ என்னும் சிறு மின்பலகையில் இணைத்து, அதற்குரிய கட்டளைகளை எழுதிவிட்டால், கணினி அதனை விசைப்பலகையென்றே கொள்ளும். ‘ஸ்டெப்மேனியா’ என்னும் இலவச மென்பொருளில் ஆடலாம். இதற்குக் கணினி தரும் 5 வோல்ட்டே போதும். வீட்டு மின்சாரத்தை இதனருகே கொணர்தல் ஆகாது.

நுரை தடித்தால் மிதி பதியாது. மெலிந்தால் மிதியாமலே பதியும். பலமுறை வெட்டிப் பார்த்தே அவ்வளவை அறிதல் வேண்டும். அந்தப் பொறுமையன்றோ கல்வி!

விலைக்கு வாங்கினவன் பழுதுற்றதை எறிவான். செய்தவனோ திறந்து பார்ப்பான். ஆதலின், நம் சங்க நூலகத்தின் அருகே இளைஞர்க்கென ஒரு பட்டறை மேசை இடுமாறு வேண்டி அமைகின்றேன்.