வானம் என்றொரு நிறம்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டால், இது இலக்கிய நிகழ்ச்சிதானா என்று சிலர் வானொலிப் பெட்டியைத் தட்டிப் பார்க்கக்கூடும். உள்ளங்கையில் வைத்துப் பார்க்கக்கூடிய ஒரு பிளாஸ்ரிக் விமானத்துக்குப் பெயின்ற் பூசுவது பற்றியே பேசப்போகிறேன். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியக் கடற்படை பயன்படுத்திய கோர்செயார் என்ற விமானம் அது. அசலின் அளவில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. கோர்செயார் என்ற சொல்லுக்குக் கடற்கொள்ளையன் என்று பொருள்.

இலக்கியத்தோடு இதற்குள்ள முதல் உறவு சொற்களால் வந்தது. அந்த விமானத்துக்குப் பிரித்தானியர் விதித்த நிறங்கள் மூன்று. மேற்புறத்தில் இரண்டு: 'மிகக் கருங்கடற் சாம்பல்', 'கருங்கற்பலகைச் சாம்பல்'. அடிப்புறத்தில் ஒன்று: 'வானம்'. பெயர்களைப் படித்தவுடன் மனதில் ஒரு படம் தோன்றுகிறதல்லவா? பெயின்ற் ரின்னின் மூடியைத் திறந்தால் அந்தப் படம் குலைந்துவிடும். கற்பலகைச் சாம்பல் எனப்பட்டது சாம்பலே அல்ல. பாசி படர்ந்த கிணற்றுக் கட்டின் பச்சை. வானம் எனப்பட்டதில் நீலம் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. தாரா முட்டை ஓட்டின் வெளிறிய பச்சையில் கொஞ்சம் மஞ்சளைக் கலந்தாற்போல இருக்கும். சிட்னி கொட்டன் என்ற விமானி, ஜோத்பூர் மகாராசாவின் சொந்த விமானம் அந்த வெளிர்பச்சையில் இருந்ததையும், மேலே எழும்பியதும் அது கண்ணுக்குப் புலப்படாது போனதையும் பார்த்தே இந்நிறத்தை உருவாக்கினார் என்று ஒரு கதை உண்டு. வானம் நீலம் என்று நாம் பள்ளியில் படித்தோம். வானத்தில் ஒளிந்துகொள்ள வேண்டியவனுக்கு அது பச்சையாக இருந்திருக்கிறது.

நிறப்பெயர்கள் இப்படி நழுவுவது தமிழருக்குப் புதிதல்ல. திருமாலின் மேனியை ஆழ்வார்கள் ஓரிடத்தில் பச்சை என்பர், ஓரிடத்தில் நீலம் என்பர், பிறிதோரிடத்தில் கருமை என்பர்; கடல் என்றும் மேகம் என்றும் சொல்வர். ஒன்றுக்கொன்று முரண் என்று எந்த அடியாரும் குறை கூறியதில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்பது சற்றுப் பின்னால் விளங்கும்.

கோர்செயார் அமெரிக்காவில் செய்யப்பட்டது. அதன் சிறகுகள் உடலை விட்டு இறங்கிப் பின் மேலேறும். முன்னிருந்து பார்த்தால் கவிழ்த்த கடற்பறவை போல இருக்கும். அதன் சுழல்விசிறி பதின்மூன்று அடிக்கும் கூடிய குறுக்களவு கொண்டது. அந்த விசிறி தரையில் இடிக்காதிருக்க வேண்டும், கால்களும் நீண்டு பலவீனப்படக்கூடாது. அதற்காகவே சிறகை வளைத்தார்கள். பிரித்தானியரின் விமானந்தாங்கிக் கப்பல்களில் விமானம் நிறுத்தும் தட்டு உயரம் குறைந்தது. சிறகை மடித்தால் நுனி கூரையில் முட்டும். ஆகவே ஒவ்வொரு சிறகின் நுனியிலும் எட்டு அங்குலத்தை வெட்டியெறிந்தார்கள். எனது மொடலில் அந்த எட்டு அங்குலம் மூன்று மில்லிமீற்றருக்கும் சற்றுக் குறைவு. அமெரிக்கச் சிறகோடு வந்த பெட்டி அது. பிளேட்டால் நறுக்கி அரத்தாளால் தேய்த்து வடிவுக்குக் கொண்டுவர எனக்கு இரண்டு மாலைகள் பிடித்தன.

இது நடந்தது 1996இல், திருகோணமலையில். ஹம்ப்ரோல் ரின்களை ஒரு நண்பர் கொழும்பிலிருந்து கொண்டுவந்தார். வழியில் சோதனைச் சாவடிகளில் ஒவ்வொரு ரின்னையும் திறந்து மணந்து பார்த்தார்களாம். விமானம் என்ற சொல்லே அப்போது எங்கள் வீடுகளில் நல்ல சொல் அல்ல. இரைச்சல் கேட்டால் பிள்ளைகள் பதுங்குகுழியைப் பார்த்து ஓடிய காலம். என் மனைவி கேட்டார்: "இஞ்சேருங்கோ, மேலால பறக்கிறது காணாதெண்டு வீட்டுக்குள்ளயும் ஒண்டு வேணுமே?" இன்றுவரை அதற்கு என்னிடம் நேரான பதில் இல்லை. ஆனால் இந்த விமானம் எங்கள் ஊர்க்காரன் என்பதை மட்டும் அன்று சொன்னேன்.

அது உண்மை. 1942 ஏப்ரல் 5இல் ஜப்பானியர் கொழும்பைக் குண்டுவீசித் தாக்கினர். 9ஆம் திகதி திருகோணமலையைத் தாக்கினர். அன்றே ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை, அதில் ஒரு விமானமும் இல்லாத வேளையில், மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடித்தனர்; முந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பின்னர் இத்தீவெங்கும் கடற்படை விமானத் தளங்கள் அமைந்தன. தரையிலுள்ள தளத்துக்கும் கப்பலைப் போலப் பெயரிடுவது பிரித்தானியக் கடற்படையின் வழக்கம். இங்கே சிங்களச் சொற்களை எடுத்தார்கள். புத்தளத்துக்கு ராஜாளியா. கட்டுக்குருந்தவுக்கு உகுஸ்ஸா, அதாவது பருந்து. கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலுக்கு பேருண்டா. எங்கள் சீனக்குடாவுக்கு பம்பரா, கொட்டும் பெருந்தேனீ. ராஜாளியா நமது இராசாளிதான்; பேருண்டா நமது பேரண்டப் பட்சிதான். இரு மொழிக்காரரும் கோயிற் கதைகளில் பகிர்ந்துகொண்ட பறவைகள் வெள்ளைக்காரனின் பதிவேட்டில் போர்க்கப்பல்களாகிவிட்டன.

1944 தொடக்கத்தில் இலஸ்ட்ரியஸ் என்ற கப்பல் கோர்செயார்களோடு திருகோணமலைக்கு வந்தது. ஏப்ரல் 19இல் அவை சுமாத்திராவின் வடமுனையிலுள்ள சபாங்கைத் தாக்கின. அந்த விமானங்களின் வட்டச் சின்னத்தைத்தான் மொடல் செய்பவர்கள் பெரிதும் கவனிப்பார்கள். பிரித்தானியச் சின்னத்தின் நடுவே சிவப்புப் பொட்டு உண்டு. ஜப்பானியரின் சின்னமோ முழுச் சிவப்பு வட்டம். பரபரப்பில் தன்னவனைத் தன்னவனே சுட்டுவிடும் ஆபத்து இருந்தது. ஆகவே 1943இல் கீழைப் பிரதேச விமானங்களிலிருந்து சிவப்பை அகற்றும்படி உத்தரவாயிற்று. நீலமும் வெள்ளையும் மட்டும் எஞ்சின. பழைய பெரிய வட்டத்தை மறைக்கப் புதுப் பெயின்ற் பூசிய இடம், வெயிலில் வெளுத்த மீதி உடலோடு ஒட்டாமல், திட்டாகத் தெரியும். அந்தத் திட்டை மொடலிலும் கொண்டுவர வேண்டும். வேலை என்றால் அதுதான் வேலை. முதலில் வானத்தைப் பூசிக் காயவிட்டு, அதன்பின் சாம்பல், பிறகு பச்சை. ஒவ்வொன்றிலும் ஒரு துளி வெள்ளை சேர்க்க வேண்டும். ஓரடி தூரத்தில் வைத்துப் பார்க்கும் மொடல், எழுபத்திரண்டு அடிக்கு அப்பால் நிற்கும் விமானமல்லவா? தூரம் நிறத்தை வெளிறச் செய்யும்.

இப்படி விதிப்படி முடித்ததை என் பெரியப்பாவிடம் காட்டினேன். போர்க்காலத்தில் சீனக்குடாத் தளத்தில் நாட்கூலியாக எண்ணெய்ப் பீப்பாய் உருட்டியவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "உது இல்லைத் தம்பி. அது நீலம். அடிப்பக்கம் வெள்ளை. நான் கிட்ட நிண்டு கண்டது" என்றார்.

அட்டவணையைக் காட்டினேன். அவர் அதைக் கையால்கூடத் தொடவில்லை.

நேயர்களே, இந்த இடத்தில் எனக்கு ஒரு சிக்கல் வந்தது. ஒரு பக்கம் அரசாங்க உத்தரவும் நூல்களும். மறுபக்கம், நூல் எழுதியவர்களில் ஒருவர்கூடப் பெயர் கேட்டறியாத ஒரு கூலியாளின் கண். கிழவருக்கு ஞாபகம் பிசகிவிட்டது என்று சொல்லிவிடுவது சுலபம். முதியோரின் வாய்மொழியைப் பதிவு செய்யப் போகும் நமது இளைஞர் பலர் அதைத்தான் செய்கிறார்கள். ஆவணத்தோடு ஒத்துவந்தால் சாட்சி, ஒத்துவராவிட்டால் முதுமை. எனக்கு அது உடன்பாடில்லை.

தேடிப் பார்த்தேன். அந்த 1944இலேயே, சபாங் தாக்குதலுக்காக, சரட்டோகா என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலும் திருகோணமலைக்கு வந்து இலஸ்ட்ரியஸோடு சேர்ந்திருந்தது. அமெரிக்கக் கடற்படை விமானங்கள் அப்போது மேலே நீலம், அடியில் வெள்ளை. போரின் கடைசியில் பிரித்தானியருக்குக் கொடுக்கப்பட்ட கோர்செயார்களிலும் சில, அமெரிக்க முறைப்படி முழுவதும் மினுங்கும் கருநீலத்தில் வந்தன. பெரியப்பா கண்டது எது? இரண்டையும் அவரிடம் சொன்னேன். "சரட்டோகாவோ கிரட்டோகாவோ, நீலம்" என்றார். அவருடைய நீலத்துக்குள் பச்சையும் சாம்பலும் அடங்கினவா என்றும் யோசித்தேன். ஆழ்வார்களின் நினைவு எனக்கு வந்தது அப்போதுதான்.

பெரியப்பா 1999இல் காலமானார். அதன்பின் நடந்த ஒன்றை அவர் அறிந்திருக்க வேண்டும் என்று இப்போதும் நினைப்பதுண்டு. இங்கிலாந்தில் இயோவில்ரன் என்ற இடத்திலுள்ள கடற்படை விமான அருங்காட்சியகத்தில் ஒரு கோர்செயார் இருக்கிறது. இலக்கம் கே.டி. 431. 1963இல் அதன்மேல் புதிதாகப் பெயின்ற் பூசியிருந்தார்கள். 2000ஆம் ஆண்டில் தொடங்கிச் சில ஆண்டுகள், அந்தப் பூச்சை அங்குலம் அங்குலமாகக் கையால் சுரண்டி எடுத்தார்கள். அடியிலிருந்து 1944இன் பெயின்ற், அந்நாளின் கீறல்களோடு அப்படியே வெளிவந்தது. ஏட்டுச்சுவடியிலிருந்து தூசு துடைத்துப் பாடம் கண்ட நமது பதிப்பாசிரியர்களின் பொறுமைக்கு இது குறைந்ததல்ல. ஆனால் அப்படிச் சுரண்டிப் பார்க்க வேறு எத்தனை மிஞ்சியிருக்கின்றன? பிரித்தானியர் பெற்ற கோர்செயார்கள் ஏறத்தாழ இரண்டாயிரம். கடனாகப் பெற்றவை, போர் முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும் அல்லது விலை கொடுக்க வேண்டும். பெருந்தொகையானவற்றைக் கடலில் தள்ளிவிட்டார்கள். கடலின் நிறம் பூசியவை கடலோடே போயின.

அவற்றை ஓட்டியவர்களையும் ஒரு வார்த்தை சொல்லாமல் விட முடியாது. 1945 ஜனவரியில் திருகோணமலையிலிருந்து புறப்பட்ட பிரித்தானியக் கப்பற்படை, போகும் வழியில் சுமாத்திராவின் பலம்பாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையங்களை இருமுறை தாக்கியது. அங்கே சிறைப்பட்ட விமானப்படையினர் ஒன்பது பேரைச் சிங்கப்பூரில் ஜப்பானியர் கொன்றார்கள். 1945 ஓகஸ்ற்றில், போர் ஓய்ந்த பிறகு. மொடல் பெட்டிக்குள் விமானியின் உருவமும் வரும், விரல்நகம் அளவில். முகத்துக்குப் பெயின்ற் பூசும்போது எனக்குக் கை கொஞ்சம் நின்றது.

பெட்டிக்குள் வராதவர்களும் உண்டு. புத்தளத் தளத்தில் ஒரு யானை கோர்செயார் ஒன்றைக் கட்டி இழுக்கும் போர்க்காலப் புகைப்படம் மிகவும் பிரசித்தம். அதைப் பார்த்துக் களிமண்ணில் ஒரு யானை செய்தேன். பக்கத்தில் நிற்பதற்கு ஓர் ஆளும் செய்தேன். யானைக்கு நிறம் தெரியும். ஆளின் சாரத்துக்கு எந்த அட்டவணையிலும் இலக்கமில்லை. பெரியப்பாவிடம் போனேன். இந்தமுறை அவர் யோசிக்கவே இல்லை.

"வெள்ளைதான் உடுத்தம். எண்ணெய் பட்டு, தோய்ச்சுத் தோய்ச்சு, பிறகு அதுக்கொரு நிறமும் இல்லை. நீ வெள்ளையைப் பூசிப்போட்டு, தூரிகை கழுவின தண்ணி இருக்கே, அதைக் கொஞ்சம் மேல ஊத்து."

ஊற்றினேன். சரியாக வந்தது.