ரோடு யாருக்கு?



நம்ம மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான். ஆனால் பூம்பாறையிலிருந்து வடுகபட்டி சந்தைக்கு மூட்டை போகணும்னா, கொடைக்கானல் டவுனுக்குள் புகுந்துதான் இறங்கணும். லீவு நாளில் ஏழு ரோடு சந்திப்பில் மணிக்கணக்கா நிக்கிறோம்.

அப்போ ரோடே போடலையா? போடுறாங்க! விளைநிலத்தைப் பிளாட் பிரித்து, பொக்லைன் வைத்து மலையை வெட்டிப் போடுற ரோடு, காட்டேஜ் கேட்டோடு முடிஞ்சு போகுது. அடுத்த ஊரோடு சேரவில்லை. நம்ம குதிரைப் பாதை அடைபடுது. ஓடை மூடப்படுது.

1990-ல் மலையிடப் பாதுகாப்புக் குழுமம் வந்தது. 1993-ல் மாஸ்டர் பிளான் வந்தது. அப்படியும் விதிமீறிய கட்டிடங்கள் முளைத்தன. 2019-ல் சீல் வைத்ததும், 2024 மே 7-ல் இ-பாஸ் வந்ததும் நீதிமன்றம் சொன்ன பிறகுதான்.

நாம் கேட்பது மூன்று: பொதுப் பாதைகளை அளந்து கல் நடு! ஓடைப் புறம்போக்கை மீட்டுக் கொடு! மனைப்பிரிவுக்கு அனுமதி தருமுன் கிராம சபையில் வை!

நமக்குள்ளும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். அட்வான்ஸைப் பார்த்து அவசரப்பட்டு நிலத்தை விற்க மாட்டோம். விற்றுவிட்டால், நம்ம காட்டிலேயே நாம வாட்ச்மேன்தான். ஒன்று சேருவோம், வாங்க!