கழற்றிய படத்தை மீண்டும் மாட்டுவோம்
(சங்கத்தின் மகளிர் தினக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற மாதம் நம் பிள்ளைகளின் ஓவியக் கண்காட்சியில் ஒரு படத்தைக் கழற்றிவிட்டோம். யாரும் வந்து மிரட்டவில்லை. சங்க நிர்வாகிகளான நாங்களே கழற்றினோம்.

நம் குடியிருப்புப் பெண் ஒருத்தி வரைந்த படம் அது. சித்தாள் வேலை முடித்து வந்த தாய், சேலையைத் தளர்த்தி உட்கார்ந்திருக்கிறாள். வயிற்றில் கருத்தடை ஆபரேஷன் தழும்பு. "நாலு பேர் வந்துபோகும் இடம்" என்றோம். நாங்கள் செய்தது தவறு. அதைச் சொல்லவே இன்று நிற்கிறோம்.

தெருமுனையில் சினிமா சுவரொட்டி இருக்கிறது. சோப்பு விற்கவும் பெண்ணுடல்தான். அவற்றைக் கிழிக்க நாம் ஏணி தூக்கியதில்லை. மகள் தாயின் வயிற்றை வரைந்ததும் மட்டும் மானம் போனதாகப் பதறினோம். ஏன்? சுவரொட்டி ஆண் ரசிக்கக் காட்டுவது. இதுவோ ஒரு பெண் தன் வாழ்வைச் சொல்லக் காட்டுவது.

இதே தில்லியில், இந்தியா கேட் அருகே ஜெய்ப்பூர் மாளிகையில், 1954 முதல் தேசிய நவீனக் கலைக்கூடம் இருக்கிறது. அமிர்தா ஷெர்கில்லின் ஓவியங்கள் பல அங்கே உள்ளன. 1913இல் பிறந்து, 1941இல் 28 வயதிலேயே மறைந்தவர். பாரிசில் படித்த காலத்தில், 1933இல், 'தொழில்முறை மாடல்' என்ற படத்தை வரைந்தார். ஓவியர்கள் முன் ஆடையின்றி உட்கார்ந்து கூலி வாங்கும் பெண் அவள். அமிர்தா அவளை அழகியாக்கவில்லை. சரிந்த தோளும் தளர்ந்த மார்புமாக, உழைத்துத் தேய்ந்த உடலை உள்ளபடி வரைந்தார். மறு ஆண்டு தன்னையே மேலாடையின்றி வரைந்தார். தன் உடல் எப்படித் தோன்ற வேண்டும் என்பதை அவரே தீர்மானித்தார்.

2023இல் அவருடைய படம் ஒன்று 61 கோடியே 80 லட்சம் ரூபாய்க்கு ஏலம் போயிற்று. பணக்காரர் மாளிகையில் தொங்கினால் கலை, நம் சங்கச் சுவரில் தொங்கினால் அசிங்கமா?

அந்தத் தழும்புக்கு வருவோம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மணமான பெண்களில் 100க்கு ஏறக்குறைய 38 பேர் கருத்தடை ஆபரேஷனை நம்பியிருக்கிறார்கள். கணவன் ஆபரேஷன் செய்துகொண்ட குடும்பங்களோ 1000க்கு 3. கத்திக்கு அடியில் படுப்பது அவள். முடிவெடுத்தது யார்? அவளா, கணவனா, மாமியாரா? படம் இதைத்தான் கேட்டது. கேள்வி நம் வீட்டு ஆண்களைச் சுட்டதால்தான் கை ஆணிக்குப் போயிற்று.

பிறகுதான் அந்தத் தாயைப் போய்ப் பார்த்தோம். "என் வயித்தை என் மகளுக்கு நான்தான் காட்டுனேன். உங்களுக்கு எங்கே வலிக்குது?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை.

வரைய வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தால் அதுவும் அவர் உரிமையே. மறைப்பதும் காட்டுவதும் அவள் முடிவு. சங்கத்தின் முடிவல்ல.

வரும் ஞாயிறு அந்தப் படம் அதே ஆணியில் மாட்டப்படும். குடும்பத்தோடு வாருங்கள். ஆண்கள் முன்வரிசையில் நில்லுங்கள்.