ஒரு சீட்டு, ஒரு மான்

சொந்த ஊரை விட்டு வேறு ராஜ்யங்களில் குடியேறி வாழும் நமக்கு, பிறருடைய வழக்கங்களை அவர்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தே பார்க்கும் வாய்ப்பு உண்டு. அவ்வாறு கடல் கடந்து நாங்கள் பார்த்த ஒன்றை இன்று சொல்ல விரும்புகிறோம்.

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேட்டை பழங்கதை ஆகிவிட்டது. ஐக்கிய அமெரிக்காவின் கொலராடோ ராஜ்யத்திலோ, அது அரசாங்கம் எண்ணிக் கொடுக்கும் பங்கீட்டுப் பொருள். அங்குள்ள நண்பர் ஒருவருடன் நாங்கள் இருவர், அண்ணனும் தம்பியும், ஓர் அக்டோபர் மாதத்தில் ஐந்து நாட்கள் மலையில் தங்கியிருந்தோம். துப்பாக்கி அவர் தோளில் இருந்தது. எங்கள் முதுகில் இருந்தவை வெறும் பைகள்.

அவர் நாடிச் சென்றது எல்க் என்னும் மான். காச்மீரத்தின் தாச்சிகாம் காட்டில் வாழும் ஹங்குலுக்கு இது நெருங்கிய உறவு. இலங்கையில் இருந்த ஆங்கிலேயர் நம் கடமானையும் எல்க் என்றே அழைத்தனர். இரண்டையும் ஒன்றென்று கருதிவிட வேண்டாம். வளர்ந்த ஆண் எல்க் ஏறக்குறைய 700 ராத்தல் எடை இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டுப்பாடின்றிக் கொன்று தீர்த்ததால் இந்த மான் பல மலைகளிலிருந்து மறைந்தே போயிற்று. 1913, 1914-ஆம் ஆண்டுகளில் யெல்லோஸ்டோனிலிருந்து 49 மான்களைக் கொணர்ந்து கொலராடோவின் எஸ்டெஸ் பார்க் பக்கத்தில் விட்டார்கள். இன்று அந்த ராஜ்யம் முழுவதிலும் இரண்டரை லட்சத்துக்கும் மேல் உள்ளன. மறுபடியும் பழைய கதை நேராதிருக்கவே, பல வட்டாரங்களில் சீட்டுகளை எண்ணித் தருகிறார்கள்.

ஏப்ரல் மாதத் தொடக்கத்திற்குள் விண்ணப்பம் போட வேண்டும். எந்த வட்டாரம், எந்தப் பருவம், ஆணா பெண்ணா என்பதெல்லாம் சீட்டிலேயே குறிக்கப்பட்டிருக்கும். முதல் விருப்பம் கிட்டாதவருக்கு ஆண்டுக்கு ஒரு புள்ளி வரவில் ஏறும். புள்ளி மிகுந்தவருக்கு முதலிடம். இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தாலன்றிக் கிட்டாத வட்டாரங்களும் உண்டு. நம் நண்பர் ஏழு ஆண்டுகள் காத்திருந்தார். சீட்டு கிடைத்த அன்றே புள்ளிக் கணக்குப் பூஜ்யமாகிவிடும். மான் அகப்பட்டாலும் படாவிட்டாலும் பூஜ்யந்தான்.

வேட்டைக்கு ஏற்பாடு என்றால் துப்பாக்கியைத் துடைத்து வைப்பது என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். அவரோ ஜூலை மாதத்தில் ஒரு மலைப் படத்தை விரித்து, வண்டி செல்லும் பாதையின் முனையிலிருந்து மூன்று மைல் அளவில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டார். “இதற்கு வெளியே சுடுவதில்லை” என்றார். காரணம் கேட்டோம். கணக்கைச் சொன்னார்.

ஆண் மானின் எலும்பு நீக்கிய இறைச்சி ஏறக்குறைய 200 ராத்தல் தேறும். உண்ணத் தகுந்த இறைச்சியைக் காட்டிலேயே விட்டுவருவது அங்கே குற்றம். ஒருவர் ஒரு தடவைக்கு 50 ராத்தல் சுமந்தால் நான்கு சுமை. மூன்று மைல் தூரத்தை நான்கு முறை சுமையோடு வந்து, மூன்று முறை வெறுங்கையோடு திரும்பிப் போக வேண்டும். ஆக 21 மைல். அதுவும் உதகமண்டலத்தைவிட இரண்டாயிரம் அடிக்கு மேல் உயர்ந்த, மூச்சு வாங்கும் மலையில். பழக்கமற்ற நாங்கள் ஆளுக்கு 35 ராத்தல்தான் தூக்குவோம் என்று அவர் மதிப்பிட்டார். அப்படியானால் மூவருக்கும் இரண்டிரண்டு நடை, ஆளுக்கு ஒன்பது மைல். எங்களை அழைத்ததன் மர்மம் அப்போதுதான் விளங்கிற்று! மானின் தோல் தடித்தது. குளிர்நாளிலும் உள்ளே சூட்டைத் தேக்கி வைத்துக்கொள்ளும். விரைவில் உரித்துத் துண்டமாக்கி, காற்றோட்டமுள்ள துணிப்பைகளில் தொங்கவிடாவிட்டால் இறைச்சி கெட்டுவிடும். ஆகவே தூரம் என்பது நேரமும் ஆகும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம். துப்பாக்கி வேட்டையாடுபவர் 500 சதுர அங்குலத்துக்குக் குறையாமல் பளிச்சிடும் ஆரஞ்சு நிறமோ இளஞ்சிவப்போ அணிய வேண்டும் என்பது சட்டம். துப்பாக்கி ஏந்தாத எங்களுக்கும் அவர் ஒரு மேலங்கி தந்தார். விடியற்காலையில் குளிர்ந்த காற்று சரிவில் இறங்கும், வெயில் ஏறியதும் மேலே எழும்பும். மோப்பம் மிகுந்த இந்த மானை அணுகுவோர், காலையில் மேடேறிப் போய், பகலில் மேலிருந்து இறங்க வேண்டும். செப்டம்பரில் குரலெழுப்பித் திரிந்த ஆண் மான்கள் அக்டோபர் நடுவில் வாயடங்கி, இருண்ட மரச்செறிவுக்குள் புகுந்துவிடுகின்றன. முதல் இரண்டு நாட்கள் குளம்படிகளை மட்டுமே கண்டோம்.

மூன்றாம் நாள் சூரியன் மறைந்தபின், எதிர்ச்சரிவில் ஓர் ஆண் வெளிப்பட்டது. நடுவில் ஆழ்ந்த ஓடை. அதன் கரையெங்கும் விழுந்து கிடந்த மரங்கள். தூரம் 250 கஜம் இருக்கலாம். மறைவுக்குப் பின் அரைமணி வரை சுடலாம் என்பது விதி. இன்னும் சில நிமிடங்கள் எஞ்சியிருந்தன. சட்டம் கேட்பதற்கு மேலாகவே கொம்பில் கிளைகள் இருந்தன. மூச்சை அடக்கி நாங்கள் காத்திருந்தோம். நண்பர் நெடுநேரம் குறிபார்த்தார். பிறகு துப்பாக்கியைத் தாழ்த்தினார். மான் ஒருமுறை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மரங்களுக்குள் போய்விட்டது.

“ஏன் விட்டுவிட்டீர்கள்?” என்று தம்பி கேட்டான். குரலில் கோபம் இருந்தது.

“அந்த இடம் வட்டத்துக்கு வெளியே இருக்கிறது. ஓடையைக் கடக்கவே இரவாகிவிடும். காயத்தோடு ஓடினால் இருட்டில் எங்கே தேடுவது?” என்றார் அவர்.

இரவு கூடாரத்தில் அதிகம் பேச்சில்லை. ஏழு ஆண்டுகள் ஒரு பென்சில் கோட்டுக்காகப் போயிற்றே என்று எங்களுக்கு இருந்தது. இந்த விஷயத்தில் எங்களுக்குள் இன்றுவரை ஒற்றுமை இல்லை. பனிக்குளிரில் இறைச்சி காலைவரை தாங்கியிருக்கும் என்பது தம்பியின் கட்சி. மானை அடிபட்டபடி இழப்பதைவிட அடிக்காமல் இழப்பது மேல் என்பது அண்ணனின் கட்சி.

நான்காம் நாள் பனி கொட்டிற்று. ஐந்தாம் நாள் ஒரு பெண் மானும் கன்றும் கைக்கெட்டும் தூரத்தில் என்னும்படி கடந்து சென்றன, சீட்டு ஆணுக்கு. மாலையில் மடிப்புக் கலையாத துணிப்பைகளைச் சுமந்துகொண்டு இறங்கினோம்.

அடுத்த ஏப்ரலில் அவரிடமிருந்து கடிதம் வந்தது. மறுபடியும் அதே வட்டாரத்துக்கு விண்ணப்பித்துவிட்டதாகவும், சீட்டு கிடைக்கும் ஆண்டில் சுமை தூக்க நாங்கள் வர வேண்டும் என்றும் எழுதியிருந்தார். அப்போது எங்கள் முழங்கால்களுக்கு எத்தனை வயதாகியிருக்கும் என்பதை மட்டும் அவர் கணக்கில் சேர்க்கவில்லை.