உப்புக் காற்றில் ஓர் அடுக்களை

மட்டாஞ்சேரிக்கு நாங்கள் குடிவந்த இரண்டாவது மழைக்காலத்தில், ஒருநாள் விடியற்காலை, அடுக்களையின் மேல் அலமாரிக் கதவொன்று கீலோடு பெயர்ந்து விழுந்தது. அடுப்பருகே நின்று பால் காய்ச்சிக்கொண்டிருந்த எங்கள் அன்னையார் நல்லவேளையாகத் தலையை விலக்கிக்கொண்டார். ஆயினும் கதவின் முனை பாற்பாத்திரத்தைக் கவிழ்த்துவிட, கொதிக்கும் பால் அவரது இடக்கையில் சிந்தி, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கொப்பளித்துவிட்டது. அவருக்கு வயது 72. புண் ஆற ஒரு திங்களுக்கு மேலாயிற்று. அடுக்களை அலமாரிகளுக்கு வேண்டிய கீல், திருகாணி, கைப்பிடி ஆகியவற்றைப் பற்றி நேயர்களிடம் பேச வேண்டுமென்று தோன்றியது அந்த விடியற்காலைக்குப் பிறகுதான்.

விழுந்த கதவை எடுத்துப் பார்த்தபோது எங்களுக்கு நாணமாயிருந்தது. அதிலிருந்த பித்தளைக் குமிழ் புத்தம்புதிதாய்ப் பளபளத்துக்கொண்டிருந்தது. அந்தக் குமிழைத் தேர்ந்தெடுப்பதற்காக நாங்கள் மூன்று கடைகள் ஏறி இறங்கி இரண்டு நாள் செலவிட்டிருந்தோம். கீல்களையோ, கடைக்காரர் எடுத்துக் கொடுத்தபடி தச்சரே வாங்கி வந்தார்; என்ன உலோகம் என்று நாங்கள் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை.

பழுது பார்க்க வந்த ஆசாரி கீலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சாரே, துரும்பெடுத்துப் போயி" என்றார். அன்னையார் வலியையும் மறந்து, "துரும்பா, எங்கே துரும்பு?" என்று தரையைப் பார்த்தார். நமக்குத் துரு என்பது மலையாளத்தில் துரும்பு. இத்தகைய சொல்மயக்கம் அயலில் வாழும் நம்மவர்க்குப் புதிதன்று. புதிய கீல் வாங்கக் கடைவீதிக்குச் சென்று, "கீல் வேண்டும்" என்று நாங்கள் கேட்டபோது, கடைக்காரர் படகுக்குப் பூசும் தாரைக் காட்டினார். இங்கே கீல் என்றால் அதுதான். நாம் கீல் என்பதை இவ்வூரார் விஜாகிரி என்கின்றனர். போர்ச்சுகீசியர் விட்டுச் சென்ற சொல் அது. அவரைப் பார்த்து நாம் நகைப்பதற்கில்லை. நாம் நாவாரச் சொல்லும் அலமாரியும் சாவியும் அதே மொழியிலிருந்து வந்தவையே. இவ்வூர் அரண்மனையைக் கட்டி 1555-ஆம் ஆண்டளவில் கொச்சி மன்னருக்கு அளித்தவர்கள் அவர்கள். அரண்மனைக்கு இன்று டச்சு அரண்மனை என்று பெயர் நின்றுவிட்டாலும், சொற்கள் கட்டியவர் பக்கமே நின்றுவிட்டன. திருகாணியை இங்கே பிரியாணி என்பர். உண்ணும் பிரியாணியென்று எண்ணிச் சில்லறையைக் கணக்கிட வேண்டாம்.

இனி, கதவு ஏன் விழுந்தது என்பதற்கு வருவோம். மட்டாஞ்சேரிக்குக் கிழக்கே காயல்; மேற்கே சிறிது தொலைவில் அரபிக்கடல். காற்று எப்பக்கத்திலிருந்து வீசினாலும் உப்பைக் கொண்டுவருகிறது. ஓர் ஆண்டில் கொச்சியில் பெய்யும் மழை ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர். மதுரையில் அதில் மூன்றில் ஒரு பங்கும் பெய்வதில்லை. மழைக்காலத்தில் உப்புச் சாடி தானே நீர்த்துப்போவதை நம் பெண்மக்கள் நன்கு அறிவர். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75 என்னும் அளவைத் தாண்டும்போது உப்பு ஈரத்தை உறிஞ்சிக் கரையத் தொடங்குகிறது. சாடியிலுள்ள உப்புக்கு நேர்வது, கீலின் இடுக்கில் கண்ணுக்குத் தெரியாமல் படிந்துள்ள உப்புக்கும் நேர்கிறது. ஆனி, ஆடித் திங்களில் இங்கே ஈரப்பதம் அந்த அளவுக்குக் கீழே இறங்குவது அரிது. ஆகவே அந்த இரண்டு திங்களும் கீல் இரவும் பகலும் உப்புநீரில் நனைந்தே இருக்கிறது என்று கொள்ளலாம். அடுப்பின் ஆவி வேறு அதனுடன் சேர்கிறது.

எங்கள் கீல் மெல்லிய இரும்புத் தகட்டில் நிக்கல் முலாம் பூசியது. முலாம் முழுமையாக இருக்கும்வரை குற்றமில்லை. ஆனால் கீல் என்பது நாள்தோறும் அசையும் பொருள். அசையும் இடத்தில் முலாம் தேய்ந்து, உள்ளிருக்கும் இரும்பு வெளிப்படுகிறது. அங்கே தொடங்கும் துரு முலாமுக்கு அடியிலேயே ஊர்ந்து செல்கிறது. மேலே பார்த்தால் பளபளப்பாகவே தெரியும். போதாக்குறைக்கு அலமாரியின் பலகை மரத்தூளை அழுத்திச் செய்தது. ஈரம் ஏறி அது ஊதியதும் திருகாணியின் பிடி தளர்ந்துவிட்டது. எத்தனை நல்ல கீலானாலும் திருகாணி பற்றி நிற்க உறுதியான பலகை வேண்டும். ஒட்டுப்பலகை வாங்குவோர் அதன்மீது ஐ.எஸ். 710 என்னும் முத்திரை உண்டா என்று பார்த்துக்கொள்ளலாம். நீரைத் தாங்கும் மரைன் வகைக்கு உரிய எண் அது. தேக்கும் அயனியும் கிடைத்தால் இன்னும் நல்லது, விலைதான் ஏறுகிறது.

பித்தளையைப் பற்றி ஒரு சொல். இவ்வூர் யூதத் தெருவிலுள்ள பழம்பொருட் கடைகளில் நெட்டூர்ப் பெட்டிகளைக் காணலாம். ஈட்டி மரத்தால் செய்து, மூலைகளிலும் மூடியிலும் கெட்டிப் பித்தளை பதித்த நகைப் பெட்டிகள் அவை. பல தலைமுறை கடந்தும் அந்தப் பித்தளை கறுத்திருக்கிறதேயன்றி அழியவில்லை. செம்பும் துத்தநாகமும் கலந்த இவ்வுலோகத்தின்மேல் படியும் மங்கல் ஒரு போர்வைபோல் உள்ளிருப்பதைக் காக்கிறது. இரும்பின் துருவோ உதிர்ந்து உதிர்ந்து புதிய இரும்பைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டேயிருக்கும். கடலோரத்தில் நம் முன்னோர் பித்தளையை விரும்பியது வெறும் அழகுக்காக அன்று.

ஆனால் பித்தளைக் கீல் வாங்கிவிட்டு, அதை இரும்புத் திருகாணியால் பொருத்துவது பெரும் பிழை. நம் வீடுகளில் மிகுதியாக நடக்கும் பிழையும் இதுவே. இதை உலகுக்கு முதலில் விளக்கமாகக் காட்டியது ஒரு கப்பல். 1761-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் 'அலாரம்' என்னும் தம் போர்க்கப்பலின் அடிப்பாகம் முழுவதற்கும் செப்புத் தகடு வேய்ந்தனர். மரத்தைத் துளைக்கும் கடற்புழுவைத் தடுப்பதே நோக்கம். மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்ற அக்கப்பலை 1763-இல் சோதித்தபோது, செம்பு நன்றாகவே இருந்தது. அதைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பாணிகள் அரித்துப் போயிருந்தன. சில ஆணிகள் மட்டும் தப்பியிருந்தன. செப்புத் தகட்டைச் சுற்றிவந்த பழுப்புத் தாள் கிழிக்கப்படாமல் ஆணிக்கும் செம்புக்கும் இடையே அகப்பட்டிருந்த இடங்கள் அவை! இரு வேறு உலோகங்கள் உப்புநீரில் ஒன்றையொன்று தொட்டால் அங்கே ஒரு சிறு மின்கலம் உண்டாகிறது. அவற்றுள் எளிதில் கரையும் உலோகம், வழக்கத்தைவிட விரைந்து கரைகிறது. பெரிய பித்தளைத் தகட்டின் நடுவே சிறிய இரும்புத் திருகாணி இருந்தால், அழிவு முழுவதும் அச்சிறு திருகாணியின் தலையில் விடிகிறது. கீல் நூறாண்டு நிற்கும், கதவு நிற்காது.

ஆதலால் பித்தளைக் கீலுக்குப் பித்தளைத் திருகாணி. அது மென்மையானது, திருப்பும்போதே தலை முறிந்துவிடுகிறது என்று தச்சர்கள் மறுப்பர். அதற்கு எங்கள் ஆசாரி ஒரு வழி காட்டினார். முதலில் அதே அளவுள்ள எஃகுத் திருகாணியைச் செலுத்தி மரத்தில் வழி உண்டாக்கிக்கொள்கிறார். அதைக் கழற்றிவிட்டு, பித்தளைத் திருகாணியின் மரையில் சிறிது சவர்க்காரம் தடவி, கையால் திருப்புகிறார். ஒன்றும் முறியவில்லை. மின்சாரத் திருப்புளியால் அவசரமாகச் செலுத்தினால் முறியத்தான் செய்யும்.

இக்கால அலமாரிகளில் வெளியே தெரியாதபடி உள்ளே அடங்கும் கீல்களே மிகுதி. கடைகளில் ஆட்டோ ஹிஞ்ச் என்பர். கதவின் உட்புறத்தில் 35 மில்லிமீட்டர் அகலத்தில் வட்டக் குழி எடுத்து அதில் பதிப்பார்கள். இவற்றைப் பித்தளையில் எதிர்பார்ப்பதற்கில்லை. எவர்சில்வரில் வாங்க வேண்டும். எவர்சில்வர் என்ற பெயரிலும் பல தரம் உண்டு. 304 என்னும் வகையில் குரோமியம் நூற்றுக்கு 18, நிக்கல் 8 அளவில் சேர்ந்திருக்கும். 202 என்பதில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பர். விலை குறைவு, உப்பைத் தாங்கும் ஆற்றலும் குறைவு. மாலிப்டினம் சேர்ந்த 316 கடலைப் பார்த்த மாடங்களுக்கும் படகுகளுக்கும் ஏற்றது. கூரைக்குள் இருக்கும் அடுக்களைக்கு 304 போதுமென்பது எங்கள் முடிவு.

காந்தம் ஒட்டவில்லையென்றால் நல்ல எவர்சில்வர் என்று கடையில் காட்டுவார்கள். அரைகுறை உண்மை அது. காந்தம் இறுக ஒட்டினால் முலாமிட்ட இரும்பு என்று ஐயுறலாம். ஆனால் 202, 304 ஆகிய இரண்டிலுமே காந்தம் ஒட்டாது. ஆகவே இவற்றுள் எது எதுவென்று காந்தம் சொல்லாது. பட்டியலில் 304 என்று எழுதித் தரும்படி கேட்பதே வழி. எழுதத் தயங்கும் கடையில் நாங்கள் வாங்குவதில்லை. கீலின் உடல் எவர்சில்வராயிருந்தும் உள்ளிருக்கும் சுருள்வில்லும் தறையாணியும் வெறும் இரும்பாயிருப்பதுண்டு. ஒரு கீலைத் திறந்து மூடி, உள்ளே காந்தத்தை வைத்துப் பாருங்கள். திருகாணிகளும் எவர்சில்வரே வேண்டும். மூன்றடி உயரம் வரையுள்ள கதவுக்கு இரண்டு கீல் போதும். அதற்கு மேற்பட்டால் மூன்று.

நல்ல எவர்சில்வரையும் கெடுக்கும் பகைவன் ஒருவன் நம் வீட்டிலேயே இருக்கிறான். குளியலறை கழுவும் அமிலப் புட்டியைப் பாத்திரம் துலக்கும் தொட்டியின் அடியில் வைப்பது பல இல்லங்களில் வழக்கம். மூடி இறுகியிருந்தாலும் அதன் ஆவி சிறிது கசிந்து, அடைத்த அலமாரிக்குள் தங்கிக் கீல்களை அரிக்கிறது. எங்கள் வீட்டில் தொட்டியடிக் கதவின் கீல்கள் மற்றவற்றுக்கு முன்பே பழுப்பேறியதன் காரணம் நெடுநாள் புலப்படவில்லை. இப்போது அந்தப் புட்டி கொல்லைப்புறத்தில் இருக்கிறது.

கைப்பிடிக்கு வருவோம். கை புண்ணாயிருந்த நாள்களில் அன்னையாரால் எங்கள் அழகிய குமிழ்களைப் பற்றித் திறக்க இயலவில்லை. புண் ஆறிய பின்னும், மாவு படிந்த கையோடு திறக்கையில் குமிழ் வழுக்குவதாகச் சொன்னார். இத்தனை நாள் சொல்லாமல் இருந்திருக்கிறார். அவரையே கடைக்கு அழைத்துச் சென்றோம். அவர் விலையையோ பளபளப்பையோ பார்க்கவில்லை. ஒவ்வொரு வில்வளைவுப் பிடிக்குள்ளும் நான்கு விரல்களையும் நுழைத்துப் பார்த்தார். முனை நீட்டிக்கொண்டிருந்தவற்றை, "முந்தானை மாட்டும்" என்று ஒதுக்கினார். அரைமணியில் முடிந்துவிட்டது. அடுக்களையில் புழங்குபவரைக் கேளாமல் இரண்டு நாள் அலைந்தவர்கள் நாங்கள்!

பழைய பித்தளையின்மேல் ஆசையுள்ளவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பழம்பொருட் கடையில் கறுத்திருப்பதெல்லாம் பழையதன்று; புதுப் பித்தளையை மருந்திட்டுக் கறுக்க வைப்பதும் உண்டு. பித்தளையே அல்லாத துத்தநாகக் கலவைக்கும் பித்தளை நிறம் பூசுகிறார்கள். அதில் காந்தம் ஒட்டாது. ஆனால் கையில் கனம் குறைவாயிருக்கும். பின்புறத்தில் ஊசியால் கீறினால் மஞ்சளுக்குப் பதில் சாம்பல் வெண்மை தெரியும். கீறக் கடைக்காரர் ஒப்புவாரா என்பது வேறு.

டில்லி, நாகபுரி போன்ற உள்நாட்டு நகரங்களில் வாழும் நேயர்களுக்கு இத்தனை கவலை வேண்டுவதில்லை. அங்கே உப்பில்லை, நல்ல முலாம் கீலே பல்லாண்டு உழைக்கும். மும்பை, கோவா, விசாகப்பட்டினம், பூரி எனக் கடலோரத்தில் இருப்பவர்கள் மட்டாஞ்சேரியைத் தம் ஊராகவே எண்ணிக்கொள்ளலாம். வாடகை வீட்டில் இருப்பவர், வீட்டுக்காரர் வீட்டுக்கு நாம் ஏன் 304 வாங்க வேண்டும் என்று கேட்கக்கூடும். கீல் என்பது ஆணியடித்து முடங்கிய பொருள் அன்று. பழைய கீல்களை ஒரு பையில் கட்டி வைத்திருந்து, வீடு மாறும்போது அவற்றைப் பொருத்திவிட்டு, நம்முடையவற்றைக் கழற்றிக்கொண்டு போகலாம். 35 மில்லிமீட்டர் குழி பெரும்பாலும் எங்கும் ஒன்றே.

சென்ற மழைக்காலம் முடிந்ததும் எல்லாக் கதவுகளையும் திறந்து, கீல்களை ஈரத்துணியால் துடைத்து, உலரவிட்டு, ஒரு சொட்டு எண்ணெய் இட்டோம். பதினெட்டுக் கீல்களும் வெண்மையாகவே இருந்தன. அன்னையார்தான் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அடுப்பின் மேலுள்ள கதவில் ஒரு திருகாணியின் தலை மட்டும் பழுப்பாயிருப்பதைக் கண்டுபிடித்தார். எண்ணிக்கை குறைந்தபோது ஆசாரி தம் பையிலிருந்து போட்ட இரும்புத் திருகாணி அது. அன்றே மாற்றிவிட்டோம்.