கட்டிலை ஆட்டுறது யாரு?

நடுவர் அவர்களே! "லேசா ஆடுனதுக்கெல்லாம் பதறலாமா?"ன்னு கேட்டாரு எதிரணி நண்பர்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணி வாக்கில, சென்னையில எங்க மாடி வீடு ஆடுச்சு. கண்டரமாணிக்கத்துலேருந்து வந்திருந்த எங்க ஆச்சி, "யாருடா கட்டிலை ஆட்டுறது? நம்ம ஊர் வீட்டுத் தேக்குத் தூணு ஒருநாளாவது ஆடியிருக்கா?"ன்னாக. (சிரிப்பு) நாங்களும் சிரிச்சுட்டுத் திரும்பப் படுத்துட்டோம்.

ஆட்டுனது சுமத்ரா, ஐயா! 2,000 கிலோமீட்டர் தள்ளி, கடலுக்கடியில. ரெண்டு மணி நேரத்துக்கு மேல கழிச்சுத்தான் மெரினாவுக்கு அலை வந்துச்சு. அவ்வளவு நேரம் இருந்தும், அங்கே நடந்துக்கிட்டிருந்தவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லையே!

2012 ஏப்ரல் 11 மத்தியானம் மறுபடி ஆடுச்சு. 2007-ல ஐதராபாத்துல தொடங்கின சுனாமி எச்சரிக்கை மையம் இந்தத் தடவை முந்திக்கிச்சு. பெரிய அலை வரலை. ஆனா ஊர்லேருந்து ஆச்சி போன் வந்துருச்சு: "படியிறங்கிட்டியாடா?"