வரி குறைந்தது, வாழ்வு குலைந்தது!



ஓர் அரசின் பொருள்நிலை வரி, செலவு, கடன் என்னும் மூன்று கால்களின்மேல் நிற்பது. அவற்றுள் ஒரு காலை மட்டும் வெட்டிக் குறைத்துவிட்டு, வளர்ச்சி வருமென்று காத்திருப்பது அறியாமை. இதற்குத் தொலைவில் சான்று தேட வேண்டா. பாக்கு நீரிணைக்கு அப்பாலுள்ள இலங்கையே பெருஞ்சான்று.

2019 நவம்பரில் ஆட்சியேற்ற கோத்தபய இராசபக்ச அரசு, வரியைக் குறைத்தால் வணிகம் பெருகும், வணிகம் பெருகினால் வருவாய் தானே பெருகும் என்று கணக்கிட்டது. அவ்வாண்டு திசம்பரில் மதிப்புக்கூட்டு வரி 15 விழுக்காட்டிலிருந்து 8 ஆக இறங்கிற்று. ஆண்டுக்கு 1.2 கோடி உருபா விற்றோரைச் சார்ந்திருந்த அவ்வரி, அடுத்து 30 கோடிக்கு மேல் விற்போர்க்கே உரியதாயிற்று. வருமான வரியும் குறைந்தது. அந்த அளவிற்குச் செலவு குறைந்ததா? இல்லை!

கடனோ முன்னமே கழுத்தளவிற்கு ஏறியிருந்தது. 2007 முதல் வெளிநாட்டுச் சந்தையில் கடன்முறிகள் விற்கப்பட்டு வந்தன. கடன் வாங்கிக் கட்டிய அம்பாந்தோட்டைத் துறைமுகம் எதிர்பார்த்தவாறு ஈட்டித் தரவில்லை. 2017-இல் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போயிற்று.

2020-இன் பெருந்தொற்று சுற்றுலா வருவாயையும் அடைத்தது. வெளிநாட்டுச் சந்தையில் புதுக்கடன் கிடைக்கவில்லை. பற்றாக்குறையை நிரப்ப நடுவண் வைப்பகம் பணம் அச்சிட்டது. 2021-இல் அரசின் வருவாய், நாட்டின் மொத்த விளைவில் பத்து விழுக்காட்டிற்கும் கீழே கிடந்தது. 2022 ஏப்பிரல் 12-ஆம் நாள், வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. அவ்வாண்டு செபுதம்பரில் கொழும்பின் விலையேற்றம் ஏறத்தாழ 70 விழுக்காட்டைத் தொட்டது.

விலையேற்றம் என்பது யாது? நாடாளுமன்றம் இயற்றாத வரி அன்றோ! நிலமும் பொன்னும் உடையவனைவிட, நாட்கூலி பெறுபவனையே அது கடிதில் வீழ்த்தும். மலையகத்தில் கொழுந்து கிள்ளும் தமிழ்ப்பெண்ணுக்கு வருமான வரிக் குறைப்பால் ஒரு காசும் மிஞ்சவில்லை. அவள் ஈட்டம் அவ்வரிக்கே எட்டாதது. ஆயினும் செல்வர்க்கு விட்டுக்கொடுத்த பணத்தின் விலையை அவளுடைய உலைப்பானை தந்தது.

குறைத்த மதிப்புக்கூட்டு வரியும் நிலைக்கவில்லை. மும்முறை ஏறி, 2024 சனவரியில் 18 விழுக்காடாயிற்று, முன்பிருந்ததனினும் மிகுதி! அவ்வாண்டு பொருளியல் 5 விழுக்காடு வளர்ந்தது உண்மையே. ஆனால், அது பெரிதும் இழந்ததை மீட்கும் வளர்ச்சி.

அதனால், செலவை வெட்டுதலே மருந்து என்பாரும் பிழைபடுவர். பள்ளிக்கும் பாசனத்திற்கும் செல்வதை வெட்டினால், நாளைய வருவாயின் வேரே அறுந்துபோகும். வெட்ட வேண்டியது பகட்டுச் செலவு. வரி, வலியோர்மேல் மிகுந்தும் எளியோர்மேல் குறைந்தும் அமைக! கடன், தன்னைத் தானே அடைக்கும் ஆக்கப்பணிக்கே ஆகுக! விளைந்த ஆண்டில் சேர்த்து வைத்த அரசே வறண்ட ஆண்டில் கைகொடுக்கும்.

வரியைக் குறைப்போம் என்று வாக்குக் கேட்டு வருவோரிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: "அந்தக் குறையை யார் தலையில் ஏற்றுவீர்கள்?"